சுமை தொங்கும்போது சிரிக்காதவன்

வீட்டில் யாராவது பேச்சை நிறுத்தினால் கிரேன்காரருக்கு வயிற்றைக் கலக்கியது. இது இருபத்து மூன்று நாளாக வந்திருக்கிற வியாதி. அதற்கு முன்னால் அவர் இப்படிப்பட்ட ஆளே இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால், "கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு இருங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று மனைவியிடமும் மகளிடமும் கும்பிடாத குறையாகக் கேட்டவர்தான். இப்போது சமையலறையில் பாத்திரச் சத்தம் ஓய்ந்தால் போதும், சட்டைப் பொத்தானைப் பாதி போட்டபடி ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. சத்தமே இல்லையேன்னு பார்த்தேன்."

"வெங்காயம் உரிச்சிட்டிருக்கேன். வெங்காயம் என்ன மேளமா அடிக்கும்?"

குளியலறைக் கதவுதான் பெரிய தொல்லை. பத்து வயது மகள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால் இவர் வெளியே வந்து நின்றுகொள்வார். "இருக்கியா?" என்று கேட்பார். "இருக்கேன்ப்பா" என்று பதில் வரும். அரை நிமிடம் கழித்து மறுபடியும் கேட்பார். முதல் வாரம் அந்தப் பெண் பொறுமையாகப் பதில் சொன்னாள். இரண்டாம் வாரம் பக்கெட்டை உருட்டினாள். மூன்றாம் வாரத்தில் தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். உள்ளே போனதிலிருந்து வெளியே வருகிறவரை வாய்ப்பாடு ஒப்பித்தாள். சோப்புப் போடுவதற்குள் பதினாலாம் வாய்ப்பாடு முடிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவளை எல்லார் முன்னாலும் பாராட்டினாராம். அதைக் கேட்டு வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

இருபத்து மூன்று நாளுக்கு முன்னால்தான் ரேடியோ செத்துப்போனான். ரேடியோ என்பது ஆளின் பட்டப்பெயர். ஓயாமல் பேசுவான் என்பதால் வேலையிடத்தில் யாரோ வைத்தது. அவன் மனைவிகூட ரொம்பச் சலித்துக்கொண்டால் அப்படித்தான் கூப்பிடுவாள். கிரேன்காரருக்கு அவன் பன்னிரண்டு வருடச் சிநேகிதன். இரண்டு தெரு தள்ளி வீடு. அவன் மனைவி கிரேன்காரரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். இவருக்கு அவள் தங்கச்சி. அந்தத் தங்கச்சி ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கு வரப்போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். கேட்டதிலிருந்து கிரேன்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அவர்களுடைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கட்டடம் கட்டுகிற இடத்தில் கோபுரக் கிரேன் ஓட்டுகிறவர் ஐம்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கேபினுக்குள் உட்கார்ந்திருப்பார். கீழே நடப்பதில் பாதி அவர் கண்ணுக்குத் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம், லிஃப்டுக்காக விட்டிருக்கும் குழிக்குள், தளத்துக்கு அடியில் என்று எங்கெங்கோ சுமையை இறக்க வேண்டியிருக்கும். அங்கே நிற்கும் சிக்னல்காரர் வாக்கி டாக்கியில் சொல்லச் சொல்ல, இவர் லீவரை அசைக்க வேண்டியதுதான். இதற்கு ஒரே ஒரு விதி. சிக்னல்காரர் வாய் ஓயக் கூடாது. "இறக்கு, இறக்கு, இறக்கு, மூணு மீட்டர், ரெண்டு, ஒண்ணு, அரை, நிறுத்து" என்று இடைவெளியில்லாமல் சொல்லிக்கொண்டே வர வேண்டும். குரல் கேட்கிறவரைக்கும் மேலே இருப்பவர் கை நகரலாம். குரல் நின்றால் கையும் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். ஏன் நின்றது என்று யோசிப்பதெல்லாம் அப்புறம்.

வாயாடிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எங்கே கிடைக்கும்? ரேடியோ சுமை இருக்கும்போது மீட்டர் கணக்குச் சொல்வான். சுமை இல்லாதபோது உலகத்துக் கதையெல்லாம் சொல்வான். இன்ஜினியர் புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறார், விலைச் சீட்டைக் கழற்ற மறந்துவிட்டார் என்பான். சிமென்ட் லாரிக்காரனும் வாசல் காவல்காரனும் மூணாம் தடவையாகச் சண்டை போடுகிறார்கள், நீ பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை மச்சான் என்பான். பத்து மணி நேரம் ஒற்றை ஆளாக ஆகாயத்தில் உட்கார்ந்திருந்தும் கிரேன்காரருக்குத் தனியாக இருப்பது என்றால் என்னவென்றே தெரியாமல் போனது இதனால்தான்.

அவனிடம் ஒரு குறும்பு உண்டு. கொக்கி வெறுமனே தொங்கும்போது, "இடது பக்கம் வா, வா, வா..." என்று சொல்லிக்கொண்டே வந்து திடீரென்று நிறுத்திவிடுவான். மேலே இவர் கை விறைத்து நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து வாக்கி டாக்கியில் ஒரு சத்தம் வரும். வாயை இறுக்கி மூடிக்கொண்டு மூக்கால் சிரிப்பான், விட்டு விட்டு, அடக்க முடியாமல். இவர் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டுவார். திட்டி முடிப்பதற்குள் இவருக்கும் சிரிப்பு வந்துவிடும். ஆனால் கொக்கியில் சுமை இருந்தால் இந்த விளையாட்டே கிடையாது. "சுமை தொங்கும்போது நான் உன் மச்சான் இல்ல. மிஷின்ல ஒரு பார்ட்டு" என்பான். பன்னிரண்டு வருடத்தில், ஏழு கட்டடத்தில், ஒரு முறைகூட அவன் அதை மீறியதில்லை.

அன்று புதன்கிழமை. காலை பத்தே முக்கால். கொக்கியில் ஒன்றரை டன் கம்பிக் கட்டு. லிஃப்ட் சுவருக்குப் பின்பக்கம் இறக்க வேண்டும். கிரேன்காரருக்கு அந்த இடம் சுத்தமாகத் தெரியாது. "இறக்கு, இறக்கு, இறக்கு, நாலு மீட்டர், மூ..." என்றான் ரேடியோ. அதோடு சரி. இவர் கை நின்றது. கம்பிக் கட்டு லேசாக ஆடி நின்றது.

பிறகு அந்தச் சத்தம் வந்தது. மூக்கால், விட்டு விட்டு.

கிரேன்காரர் சிரித்தார். அதுதான் விஷயம். அவர் சிரித்தார், திட்டினார், மறுபடி சிரித்தார். சத்தம் வந்துகொண்டே இருந்தது. நடுவில் இடைவெளி நீண்டது. "இன்னிக்கு ரொம்ப நேரம் ஓட்டுறான்" என்று நினைத்தார். தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடிக்கக்கூடச் செய்தார். பாட்டிலை மூடும்போதுதான் பார்வை கொக்கியின் மேல் போனது. சுமை தொங்குகிறது. சுமை தொங்கும்போது அவன் சிரிக்க மாட்டான்.

ஹார்னை அழுத்தினார், கையை எடுக்கவேயில்லை. கேபின் கடிகாரத்தில் நாலு நிமிடம் ஓடியிருந்தது. கம்பி கட்டுகிறவர்களின் மஞ்சள் தொப்பிகள் சுவருக்குப் பின்னால் ஓடுவது தெரிந்தது. அவர் இறங்க முடியாது. சுமை தொங்கும்போது கேபினை விட்டு எழுந்திருக்கவே கூடாது. இன்னொரு சிக்னல்காரர் பக்கத்துக் கட்டடத்திலிருந்து வந்து சுமையை இறக்கச் சொல்கிறவரை நாற்பது நிமிடம் லீவரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸ் வந்ததையும் போனதையும் மேலேயிருந்தே பார்த்தார்.

மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். நாற்பத்து மூன்று வயது. பெரிய ஆஸ்பத்திரி வாசலிலேயே விழுந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். கிரேன்காரர் தலையாட்டினார். பாதுகாப்பு அதிகாரி ஒரு தாளைக் கொடுத்து நடந்ததை எழுதச் சொன்னபோது மூன்றே வரி எழுதினார். குரல் நின்றது. சுமையை நிறுத்தினேன். ஹார்ன் அடித்தேன். மூன்றும் சத்தியம். இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

சாவு வீட்டில் அவர் செய்யாத வேலை இல்லை. நாற்காலி கொண்டுவந்து போட்டார், தண்ணீர்க் கேன் சுமந்தார், படத்துக்குச் சட்டம் போட ஓடினார். தங்கச்சியோடு தனியாக நிற்கும்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகச் செய்ததுதான் அத்தனையும். ஒரு முறை ஜனங்களின் தலைக்கு மேலாக அவள் இவரைத் தேடிப் பார்த்தாள். இவர் உடனே செருப்புகளை ஒழுங்காக அடுக்கி வைக்கப் போய்விட்டார். "கூடப் பிறந்தவன்கூட இப்படி இழுத்துப் போட்டுச் செய்ய மாட்டான்" என்று வந்தவர்கள் சொன்னார்கள். ஒவ்வொரு முறை அதைக் கேட்டபோதும் அவர் இன்னொரு வேலையைத் தேடிப் போனார்.

எட்டு நாள் கழித்து வேலைக்குப் போனார். ரேடியோவின் இடத்தில் ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். தெளிவான குரல், சுத்தமான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மனுஷி மூச்சு விட வேண்டியிருந்தது. அவள் மூச்சு விட்டபோதெல்லாம் இவர் கை நின்றது.

"ஏண்ணே நிறுத்துறீங்க?"

"நீதானே நிறுத்தின."

"மூச்சு விட்டேண்ணே."

ஒரு நாளில் முப்பது தடவைக்கு மேல் இப்படி ஆனது. "இந்தக் கட்டடத்தை நம்ம பேரப்பிள்ளைங்க வந்து முடிப்பாங்களா?" என்று சூப்பர்வைசர் கேட்டார். கேட்டாரே தவிர அதட்டவில்லை. அவருக்கும் ரேடியோவைத் தெரியும். ஒரு தடவை அந்தப் பெண்ணுக்குத் தும்மல் வந்தது. தும்மலை அடக்கிக்கொண்டு அவள் மூக்கை உறிஞ்சிய சத்தம் வாக்கி டாக்கியில் வந்ததும் கிரேன்காரர் லீவரை விட்டுவிட்டு இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டார். பல் அடித்துக்கொண்டது. வெயில் அடிக்கும் கேபினுக்குள் அவருக்குக் குளிர் எடுத்தது. மறுநாளிலிருந்து அந்தப் பெண் மூச்சு விடும் இடத்திலெல்லாம் "ம்ம்ம்" என்று இழுத்துக்கொண்டே வேலை செய்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, தானாகவே செய்தாள்.

இப்படிச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் அவருக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் பேச வேண்டியதைப் பேசவில்லை. தங்கச்சி ஆறு தடவை போன் செய்தாள். ஆறு தடவையும் போனைக் கவிழ்த்து வைத்தார். ஏழாவது தடவை அவள் இவர் மனைவிக்குப் போன் போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வர்றாங்களாம். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம்" என்றாள் மனைவி.

"என்ன கேக்கணுமாம்?"

"என்கிட்ட கேக்கறதா இருந்தா என்கிட்டயே கேட்டிருப்பாங்களே. உங்ககிட்டதான் கேக்கணுமாம்."

மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். பதினாலு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு இந்த மனிதர் எதையோ விழுங்கி வைத்திருக்கிறார் என்று தெரியாமல் இருக்குமா? ஆனால் என்ன என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே கிரேன்காரருக்குக் குழாய் ஒழுகுவது நினைவுக்கு வந்தது. அந்தக் குழாய் ஆறு மாதமாக ஒழுகுகிறது. வாஷர் வாங்கி வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு செருப்பை மாட்டினார். கடை பத்து நிமிட நடைதான். ஆனால் நல்ல வாஷராகப் பார்த்து வாங்க மூன்று மணி நேரம் ஆகக் கூடாதா என்ன. கதவைத் திறந்தார். மணியை அழுத்தக் கையைத் தூக்கியபடி தங்கச்சி நின்றிருந்தாள்.

"சீக்கிரமே வந்துட்டேண்ணே" என்றாள். "நாலு மணின்னு சொன்னா நீங்க மூணரைக்குக் கிளம்பிடுவீங்கன்னு தெரியும். உங்களைப் பத்தி அவர் என்கிட்ட சொல்லாததா."

இளைத்துப் போயிருந்தாள். தையல் வேலை செய்கிறவள். எப்போதும் அளவெடுத்த மாதிரி உடுத்துகிறவள், இன்று ரவிக்கையில் ஒரு கொக்கி மாறி விழுந்திருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தாள். மனைவி டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள், தங்கச்சியின் தோளில் கொஞ்ச நேரம் கை வைத்திருந்தாள், பிறகு பையை எடுத்தாள்.

"வாஷர்தானே, நான் போய் வாங்கிட்டு வர்றேன்" என்றாள்.

"நீ எதுக்கு?" என்றார் கிரேன்காரர் பதறிப்போய்.

"நல்லதாப் பார்த்து வாங்கணும்ல" என்று சொல்லிவிட்டு அவள் போயே போய்விட்டாள்.

உள் அறையில் மகள் சத்தம் போட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். வேர் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுகிறது, தண்டு நீரை இலைகளுக்குக் கொண்டு செல்கிறது என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. கிரேன்காரர் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அதுவும் போதாமல் தானே பேச ஆரம்பித்தார். குழாயைப் பற்றிப் பேசினார். இந்த மாதம் காற்று அதிகம், கிரேனை அடிக்கடி நிறுத்த வேண்டியிருக்கிறது என்றார். தெருவில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், பார்த்து வந்தாயா என்று கேட்டார்.

"அண்ணே" என்றாள் தங்கச்சி.

"சொல்லும்மா."

"கடைசியா அவர் என்ன சொன்னார்?"

இதற்குப் பதில் தயாராகத்தான் இருந்தது. முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்துப் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தார். "மூணு மீட்டர்னு சொல்ல வந்தான். அவ்வளவுதாம்மா. அப்படியே நின்னுபோச்சு. ஒரு செகண்டுதான். ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது அவனுக்கு."

"அதான் எழுதியும் குடுத்திருக்கீங்க. படிச்சேன்." அவள் டீயைக் குடிக்காமல் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "கம்பி கட்டுறவங்க மேஸ்திரி போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். எங்க வீட்டுக்காரரை முதல்ல பார்த்தது அந்த மேஸ்திரிதானாம். குப்புறக் கிடந்தாராம். திருப்பிப் போட்டப்போ வாக்கி டாக்கி நெஞ்சுக்கு அடியில இருந்துச்சாம். பேசுற பொத்தான் அமுங்கியே இருந்துச்சாம், சின்னதா ஒரு சிவப்பு விளக்கு எரிஞ்சிக்கிட்டு."

கிரேன்காரர் உள் அறைக் கதவைப் பார்த்தார்.

"எனக்கு மிஷின் சமாசாரமெல்லாம் தெரியாது. உங்ககூட இப்ப வேலை செய்யறாங்களே, அந்தப் பொண்ணு, அவங்களைப் போய்ப் பார்த்தேன். விளக்கு எரிஞ்சா என்ன அர்த்தம்னு கேட்டேன். கீழ இருக்கிறவங்க பக்கத்துச் சத்தம் மேல போயிட்டே இருக்கும், மேலேருந்து பேசுறது எதுவும் கீழ வராதுன்னாங்க." நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப உங்களுக்குக் கேட்டிருக்கும்தானே?"

எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. செருப்பு இன்னும் காலில்தான் இருந்தது. ஆனால் எங்கே ஓடுவது? இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் இருபத்தைந்து நாளாக ஓடினார். அவள் கையைப் பார்த்தார். தம்ளரில் டீ நடுங்கிக்கொண்டிருந்தது. அவளும் பயந்துபோய்த்தான் இருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"கேட்டுச்சு" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சத்தம் வந்ததைச் சொன்னார். ரேடியோவின் பழைய குறும்பைச் சொன்னார். அது அவளுக்கும் தெரிந்ததுதான். "சிரிக்கிறான்னு நினைச்சேன்மா" என்றார். "நானும் சிரிச்சேன்."

அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. "எவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டாள்.

"நாலு நிமிஷம்."

"நாலு நிமிஷமும் சிரிச்சீங்களா?"

"இல்ல. கொஞ்ச நேரம் சிரிச்சேன். அப்புறம் திட்டினேன்."

"என்னன்னு திட்டினீங்க?"

"வழக்கமா திட்டுறதுதான்."

"சொல்லுங்கண்ணே."

கிரேன்காரர் தரையைப் பார்த்தார். "சிரிச்சே செத்துப் போடான்னேன்" என்றார்.

உள்ளே மகள், இலைகள் சூரிய ஒளியில் உணவு தயாரிக்கின்றன என்றாள். தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் இனி என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று இவர் உட்கார்ந்திருந்தார். அறைந்தால்கூட நல்லது என்று தோன்றியது. நாலு நிமிடத்தை எங்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது? டாக்டர் என்ன சொன்னாலும் சரி, ஒரு மனிதன் தரையில் கிடந்து இழுத்துக்கொண்டிருந்தபோது இவர் மேலே உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

தங்கச்சி கண்ணைத் திறந்தாள். தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அந்தச் சத்தம் எப்படி இருந்துச்சு?"

"சொன்னேனேம்மா. மூக்கால..."

"அப்படி இல்ல. பண்ணிக் காட்டுங்க."

அவருக்குப் புரியவில்லை. புரிந்தபோது பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "என்னம்மா சொல்ற?"

"அவர் மாதிரியே பேசிக் காட்டி எத்தனை தடவை என்னைச் சிரிக்க வச்சிருக்கீங்க. அவர் நடக்கறது, அவர் தும்முறது, எல்லாம் உங்களுக்கு வரும். இதுவும் வரும்."

"முடியாதும்மா. என்னால முடியாது."

"அண்ணே, நான் சொல்றதைக் கேளுங்க." அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. "டாக்டர் வலிச்சிருக்காதுங்கறார். அவங்க எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுவாங்க. தையல் மிஷின்ல உக்காந்தா எனக்குச் சத்தம் கேக்குது. விதவிதமாக் கேக்குது. எல்லாம் கத்தல்தான். என் பேரைச் சொல்லிக் கத்துற மாதிரி, யாரும் வரலைன்னு கத்துற மாதிரி. எனக்குப் பயமா இருக்குண்ணே. துணியில ஊசி ஏத்த முடியல. நிஜமா கேட்டது நீங்க ஒருத்தர்தான். அது எவ்வளவு மோசமா இருந்தாலும் பரவாயில்ல. அந்த ஒண்ணைத் தெரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் போயிடும்."

கிரேன்காரருக்கு அது நன்றாகத் தெரியும். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மணி நேரமும் அவர் காதுக்குள் அது ஓடிக்கொண்டுதானே இருந்தது. எத்தனை தடவை மூச்சு, எங்கே இடைவெளி, எங்கே இழுப்பு, எல்லாம் அத்துப்படி. அதை வாயால் வெளியே எடுத்தால் அவனை இன்னொரு முறை சாகடிப்பதாக ஆகிவிடுமோ என்று பயந்தார். எடுக்காமல் விட்டால் எதிரே இருப்பவளுக்கு இனி என்றைக்கும் கத்தல்தான்.

முழங்காலை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். வாயை மூடினார். தொண்டைக்குள்ளிருந்து மூக்கு வழியாக அதை விட்டார். முதலில் மூன்று, சீக்கிரம் சீக்கிரமாக. கொஞ்சம் நிறுத்தம். பிறகு இரண்டு. தோள் குலுங்கியது. நீளமாக ஒரு இடைவெளி. பிறகு ஒன்று, இழுத்து. பிறகு இன்னொன்று.

தங்கச்சி உடம்பு முழுவதையும் காதாக்கிக்கொண்டு கேட்டாள்.

அப்போது உள் அறையில் மகளின் குரல் நின்றது.

பாதி மூச்சில் நிறுத்திவிட்டு அந்தக் கதவைப் பார்த்தார். இலைகள் இல்லை, தண்டு இல்லை, ஒன்றுமே இல்லை. எழுந்திருக்கப் போனார். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. புத்தகத்தில் விரலை வைத்து மூடியபடி மகள் வந்து நின்றாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. இந்த வீட்டில் அவள் முகத்தை அப்படிப் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

"என்ன ஜோக்குப்பா?" என்றாள். "எனக்கும் சொல்லுங்க."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"எப்பப்பா நீங்க சிரிச்சீங்க கடைசியா? அதான் ஓடி வந்தேன். சொல்லுங்க அத்தை, என்ன ஜோக்கு?"

தங்கச்சியின் வாய் கோணியது. முந்தானையை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. குழந்தை பயந்துவிடப் போகிறது என்று கிரேன்காரர் எதையாவது சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தங்கச்சி முந்தானையை எடுத்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணைப் பக்கத்தில் வரச் சொல்லிக் கையை நீட்டினாள்.

"மாமா எப்படிச் சிரிப்பாங்கன்னு அப்பா பண்ணிக் காட்டினாங்கடா" என்றாள்.

"அப்படியா?" மகள் அவள் மேல் சாய்ந்துகொண்டாள். "நான் சரியாக் கேக்கலையே. இன்னொரு தடவை பண்ணுங்கப்பா."

கிரேன்காரர் தங்கச்சியைப் பார்த்தார்.

"பண்ணுங்கண்ணே" என்றாள் அவள்.